நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்கு ஒரு பெட்டிக் கோப்பை

பீங்கான் கோப்பையை விரல் முட்டியால் தட்டினால் ‘கிணிங்’ என்று ஒரு சத்தம் வரும். எந்த ஓட்டலில் அது காதில் விழுந்தாலும் எனக்குள் அலையடிக்கும். காரணம், ஹார்பர் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த ஒரு மனிதர். கடலே இல்லாத ஊரில் கடலை வைத்து ஆட்டிப்படைத்தவர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

விருத்தாசலத்தில் நான் கணக்கு எழுதிய பீங்கான் கம்பெனியில் அவர் பெட்டி கட்டுகிறவர். கோப்பைகளை வைக்கோலில் சுற்றி, தூங்குகிற பிள்ளையைப் போலப் படுக்கவைப்பார். எல்லாப் பெட்டியும் லாரி ஏறிச் சென்னைத் துறைமுகம் போகும். அதுதான் அவருக்கு ஆறாத புண்.

“நம்ம ஜில்லாவுலயே ஒரு ஹார்பர் இருக்குது. அத வுட்டுட்டு எதுக்கு சார் சென்னைக்கு ஓடுறாங்க?”

இருந்தது உண்மைதான். ஆறு கடலில் கலக்கும் இடம். கிடங்கு உண்டு, படகுத்துறை உண்டு, பக்கத்திலேயே ரயில் உண்டு. ஆழம்தான் இல்லை. கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் கொண்டுபோய்த்தான் ஏற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் நடக்காது.

“கப்பலே உள்ள வராத எடத்துக்கு ஹார்பர்னு பேரா?” என்று சூளை வேலைக்காரர்கள் சீண்டுவார்கள்.

“மாப்ள தெருமுனையில காருக்குள்ள உக்காந்திருப்பாரு. நாமதான் போயி அழச்சிக்கினு வரணும். அதுக்காவ கல்யாணமே இல்லன்னு ஆயிடுமா?”

ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. தான் கட்டும் பெட்டி அலையைத் தாங்கும் என்று காட்ட, ஹார்பர் ஒரு கோப்பைப் பெட்டியை வேப்பமரக் கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார். கணக்குப் பிரிவும் வர்ணப் பிரிவும் அலைகளாக நியமிக்கப்பட்டோம். நான் உற்சாகத்தில் ஓங்கித் தள்ளினேன்.

“இது கார்த்திக மாசத்து அல சார். இதுல ஹார்பர மூடிடுவாங்க. ஆனி மாசத்து அலையா தள்ளுங்க.”

ஊழியர்களில் பாதிப் பேர் அலையாகிவிட்டதை முதலாளி அம்மா வந்து பார்த்தார்.

“ஒரு பெட்டி நெசக் கடல்ல போயிட்டு வரட்டும். ஒரு கோப்ப கூட ஒடையலன்னா இந்த ஆர்டரு நீங்க சொல்ற வழியிலயே போவும். ஒடஞ்சா, ஹார்பர்ங்கற பேச்சே இனிமே இங்க கெடையாது. சரிங்களா?”

“சரிங்கம்மா” என்றார் ஹார்பர். பெண் கிடைத்துவிட்ட மாப்பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

சாட்சிக்கு நான். மூட்டை ஏற்றிப்போன ஒரு தோணியில், தெரிந்தவரைக் கெஞ்சி இடம் பிடித்தார். முகத்துவாரம் தாண்டியதும் கடல் எங்களைத் தூக்கிப் பார்த்தது, கீழே வைத்தது, மறுபடி தூக்கியது. காலையில் தின்ற இட்லியைக் கடலுக்கே கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே கப்பல். ஒரு தெரு எழுந்து நிற்பதுபோல, வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு. பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்த ஹார்பர் கண்ணிமைக்கவில்லை.

மேலிருந்து கொக்கி இறங்கியது. தோணியில் இருந்த ஒருவர் மூட்டைக்கட்டில் அதை மாட்டப்போன நொடியில் அலை சரிந்தது. தோணி அவர் காலடியிலிருந்து விலகி இறங்கியது. கொக்கியைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றார். அடுத்த அலை தோணியை மேலே கொண்டுவந்து அவர் பாதத்தில் வைத்தது. அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டுக்குப் போனார்.

கரையில் பெட்டியைப் பிரித்தோம். ஹார்பர் ஒவ்வொரு கோப்பையாகத் தட்டினார். ஒன்றில்கூட விரிசல் இல்லை.

“ஜெயிச்சிட்டீங்கண்ணே” என்றேன்.

“கோப்ப ஜெயிச்சிட்டுது சார். அந்த ஆளு?”

“அவருக்கு அது பழக்கம்ணே.”

“டீ குடிக்கிற கோப்பைக்காவ ஒருத்தரு எதுக்கு சார் அந்தரத்துல நிக்கணும்? லாரியிலயே போவட்டும்.”

வருஷக்கணக்காகச் சுமந்ததை, ஜெயித்த கையோடு ஒரு மனிதர் இறக்கிவைப்பதை அன்றுதான் பார்த்தேன். கோப்பைகளை மறுபடி வைக்கோலில் சுற்றி வைத்தார்; பஸ் பிடித்தோம். ஊர் வந்ததும் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வெளிறிப்போயிருந்த என் முகத்தைப் பார்த்தார்.

“சூடா ரசம் வெச்சிக் குடிச்சிட்டுப் படுங்க சார். லாரியிலயே போவட்டும்னு முதலாளி அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். போயிட்டு வரேன்.”