ரசமட்டம் டிரைவரும் என் முகூர்த்தமும்

சேலம் ஜில்லாவில் ஆண்டவன் ஒரே ஒரு இடத்தைத்தான் சமதளமாகப் படைத்தான் என்று ஒருவர் கடைசிவரை நம்பினார். அவருக்கு மற்ற இடமெல்லாம் கோணல். ராசிபுரம் கடைவீதி கோணல், நாமக்கல் பஸ் நிற்கிற இடம் கோணல், நான் உட்கார்ந்து டிக்கெட் எழுதிய நாற்காலி மகா கோணல். பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, எங்கள் பஸ் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. ஊர் வைத்த பெயர் ரசமட்டம்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு முதலாளி, ஒரு பஸ், டிக்கெட் எழுத நான், ஓட்ட ரசமட்டம். அவ்வளவுதான் கம்பெனி. உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷம் முந்திய காலம். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் நெய் டின், பட்டு மூட்டை, மாமியார் மருமகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எங்கள் பஸ் ஓடும்.

கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் நீர்க்குமிழி ஓடுகிற ரசமட்டம், அது ஒன்று அவருடைய காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். எஞ்சினில் ஆயில் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க வேண்டுமானால் முதலில் அதை எடுத்துப் பஸ் படியில் வைப்பார். குமிழி நடுவில் வந்து நின்றால்தான் அளவுக் குச்சியில் கை வைப்பார். இல்லாவிட்டால் வண்டியை இரண்டடி முன்னால், ஓரடி பின்னால், கொஞ்சம் இடதுபக்கம் என்று நகர்த்திக்கொண்டே இருப்பார். ஏறுகிறவர்கள் படியைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள்.

"வண்டி சாஞ்சு நின்னா எண்ணெயும் சாஞ்சு நிக்குமுங்க. சாஞ்ச எண்ணெய் பொய் சொல்லும்" என்பார்.

அடுத்த சட்டம் இன்னும் கொடுமை. எஞ்சினை நிறுத்திக் கால்மணி நேரம் ஆனால்தான் குச்சியை உருவுவார். மேலே சுற்றிக்கொண்டிருந்த எண்ணெயெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கிச் சேர வேண்டுமாம். ஒருநாள் தாசில்தார் ஒருவர் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "என்னய்யா இது, வண்டி கிளம்புமா கிளம்பாதா?" என்று குதித்தார். ரசமட்டம் அசையவில்லை. "நீங்க கையெழுத்துப் போட்டா மை காயற வரைக்கும் காகிதத்த மடிக்க மாட்டீங்கல்லங்க? அதாட்டந்தானுங்க இதுவும்" என்றார். தாசில்தார் யோசித்துப் பார்த்தார் போலிருக்கிறது, தானே கடிகாரத்தை எடுத்துக் கால்மணியை எண்ண ஆரம்பித்தார்.

குச்சியைத் துடைக்க ஒரு வெள்ளைத் துணி வைத்திருந்தார். அவருடைய சம்சாரம் என்னிடம் ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார்: "மூஞ்சி தொடைக்கற துண்டு கரிக்கட்டையாட்டம் கெடக்குதுங்க. குச்சி தொடைக்கற துணிய மட்டும் தெனமும் தொவைக்கறாரு. நானென்னத்த சொல்றது?"

அந்த ஒரே சமதளம் எதுவென்று சொல்லவில்லையே. அவர் வீட்டு வாசல்தான். தானே வெட்டி, தானே கொத்தி, தண்ணீரைத் தேக்கி மட்டம் பார்த்துச் சாணி மெழுகிய வாசல். பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றுவதென்றால் பஸ்ஸை அங்கேதான் கொண்டுபோவார். கம்பெனிக் கொட்டகையில் செய்யச் சொல்லி முதலாளி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

இப்படிப்பட்டவரை நம்பித்தான் நான் கல்யாணத்துக்குப் புறப்பட்டேன்.

பெண் வீடு திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில். பெண்ணை நான் ஒரே ஒரு தடவை, மலைக்கோயில் தேர் நோம்பித் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். அந்த ஒரு தடவையே எனக்குப் போதுமாக இருந்தது. அவளுடைய அப்பாவுக்குத்தான் என்மேல் அரைமனசு. "பஸ்காரன் எந்த ஊருக்கு நேரத்துக்குப் போயிச் சேர்ந்திருக்கறான்?" என்று நிச்சயத்தன்றைக்கே கேட்டவர். அதோடு விட்டாரா? "பத்தரைக்குள்ள தாலி ஏறோணும். ஒரு நிமிசம் தப்புனாலும் என் தங்கச்சி பையன் பந்தல்லயே இருப்பான், புது வேட்டியோட. முறைமாப்பிள்ளை. அவனக் கூப்புட்டு உக்கார வெச்சிருவேன்" என்று சபையிலேயே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள் அவர்.

முதலாளி பெரிய மனசு பண்ணி அன்றைக்குப் பஸ்ஸை எங்களுக்கு விட்டார். ஊர்ச் சனங்களோடு காலை ஆறு மணிக்கு ரசமட்டத்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸுக்கு அடியில் ரசமட்டம் படுத்திருக்கிறார். கறுப்பு எண்ணெய் ஒழுகிப் போசிப் பாத்திரத்தில் விழுந்துகொண்டிருக்கிறது.

"என்னுங்கண்ணே இது, இன்னைக்குப் போயி?"

"மாப்பிள்ளைக்கு எண்ணெய் வெச்சுத் தண்ணி ஊத்தியிருக்கறாங்கல்லங்க சாமி? வண்டிக்கு மட்டும் வேண்டாமுங்களா? நல்ல காரியத்துக்குப் போகையில அழுக்கோட போகக் கூடாதுங்க" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

அதுவரைகூட மோசமில்லை, நேரம் இருந்தது. அவர் ஆயில் அளக்கிற தகரக் குவளையை, நாங்கள் போன கட்டைவண்டியின் மாடு மிதித்து அப்பளமாக்கியதுதான் வினை. என் தாய்மாமன் முன்னால் வந்தார். வாழ்நாளெல்லாம் களத்தில் நின்று தானியம் அளந்த கை. சீர்த் தட்டில் இருந்த படியைத் தூக்கி, அதிலிருந்த நெல்லை என் அம்மாவின் மடியில் கொட்டினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"எத்தன படி ஊத்தோணுமுங்க?"

"மூணு படிங்க. நான் அடி நட்ட முறுக்கிப் புடிச்சுக்கறேன், நீங்க எண்ணி ஊத்துங்க."

எங்கள் பக்கத்துக் களங்களில் முதல் படியை யாரும் ஒன்று என்று எண்ண மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள், அதற்கடுத்தது இரண்டு. மாமாவும் அப்படித்தான் ஆரம்பித்தார். ஆனால் கல்யாணச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. லாபம் என்று கணீரென்று ஒரு படி ஊற்றியவர், அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நிதானமாக ஊற்றி முடித்தார். அடியில் கிடந்த ரசமட்டத்தின் காதில் கடைசி மூணு மட்டும்தான் விழுந்தது.

எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். ரசமட்டம் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்த மட்டத்தை எடுத்துப் பஸ் படியில் வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. இடதுபக்கம் என் அத்தைமார் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் சித்த நேரம் எறங்குங்க."

இறங்கினோம். கால்மணி நேரம் நின்றோம். அவர் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். குச்சியில் இரண்டு கோடு உண்டு. எண்ணெய் கீழ்க்கோட்டுக்குக் கீழேயும் போகக் கூடாது, மேல்கோட்டுக்கு மேலேயும் ஏறக் கூடாது. அன்றைக்கு மேல்கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறி நின்றது.

"எத்தன படி ஊத்துனீங்க?"

"மூணுதானுங்க" என்றார் மாமா. "அப்புறம் அந்த லாபம்."

"அதையுஞ் சேத்தா நாலுங்களே!"

"லாபத்தையும் கணக்குல சேத்துட்டா அப்புறம் அது என்ன லாபமுங்க?"

ரசமட்டம் தரையில் உட்கார்ந்துவிட்டார். நிறைய இருந்தால் நல்லதுதானே என்று மாமா சமாதானம் சொல்லிப் பார்த்தார். "கல்யாணச் சோறுன்னாலும் வயித்தளவுக்குத்தானுங்க திங்க முடியும். இப்படியே எடுத்தா உள்ள சுத்தற தண்டு எண்ணெய மோராட்டம் கடைஞ்சு நொரையாக்கிப் போடும். பொகை கக்கிப் பாதி வழியில நின்னுக்கும்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி பஸ்ஸுக்கு அடியில் போனார்.

சூடு எண்ணெய். அடி நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் கொஞ்சமாகவா வரும்? கையைச் சுட்டுக்கொண்டு அவர் முறுக்குவதற்குள் குபுகுபுவென்று இறங்கிவிட்டது. மறுபடி கால்மணி நேரம். குச்சியை எடுத்தால் இப்போது கீழ்க்கோட்டுக்கும் கீழே. ஒரு தம்ளர் ஊற்றினார். எஞ்சினை ஓட்டினார், நிறுத்தினார், கால்மணி நேரம். இன்னும் எட்டவில்லை. கூட்டத்தில் பாதிப்பேர் கட்டைவண்டியிலேயே போய்விடலாம் என்றார்கள். மாமா ஒரு வேப்ப மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு நெற்றிச் சந்தனம் வேர்வையில் மூக்குக்கு இறங்கிவிட்டது.

இரண்டாவது தம்ளரையும் ஊற்றிவிட்டு, வழக்கம்போலக் கைகட்டி நின்றார். மணி எட்டரை. போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாலையும் கழுத்துமாக நின்று அழுதேன்.

"அண்ணே, அங்க ஒருத்தன் புது வேட்டி கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறானுங்க. இப்ப எடுக்கலீன்னா அந்தப் புள்ளை எனக்கில்லீங்க."

அவர் என்னைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். அவருடைய கை அதன்மேல் போய், தொடாமலே திரும்பி வந்தது. "ஏறுங்க சாமி" என்றார். குரல் யாரோ செத்த வீட்டில் பேசுவது போலிருந்தது.

வழியெல்லாம் அவர் காதை எஞ்சின் பக்கம் சாய்த்துக்கொண்டே ஓட்டினார். மேடு வந்தால் உதட்டைக் கடித்தார். அந்த ஓட்டை பஸ் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

பந்தலுக்குள் நுழைந்தபோது மாமனார் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் புது வேட்டி, வெற்றிலை மென்றுகொண்டிருந்தது. பத்தரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கத் தாலி கட்டினேன். மாமனார் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பந்தியில் ரசமட்டத்தைக் காணோம். மாலையோடு நானும் மணப்பெண்ணும் தேடிக்கொண்டு போனோம். ஊர்க்கோடியில் கடலை காயப்போடும் களத்தில் பஸ் நின்றது. அதற்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"அளவு பாத்துட்டீங்களாண்ணே?"

"இல்லீங்க சாமி. நின்னு ஒரு மணி நேரமாச்சு. பாக்கப் பயமா இருக்குதுங்க."

என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத என் மனைவி, "எங்க இருக்குதுங்கண்ணா அது? நான் பாக்கறேன்" என்றாள். அவர் காட்டினார். அவர் சொன்னபடியே உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "ரெண்டு கோட்டுக்கும் நடுவால நிக்குதுங்க" என்றாள்.

ரசமட்டம் குச்சியை வாங்கி, வெள்ளைத் துணியால் துடைத்து உள்ளே விட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே இப்படி அவசரக் கல்யாணமெல்லாம் பண்ணிக்காதீங்க, சாமி" என்றார்.

அவர் இப்போது இல்லை. அவர் வண்டி ஓட்டிய அத்தனை வருஷத்தில் அளவு பார்க்காமல் எடுத்தது அந்த ஒரே ஒரு நாள்தான். அதுவும் எனக்காக.