மரியாதையாகப் பேசிய ஊர்

இத்தாலியின் பெர்கமோ நகருக்கு மேலே மலையிலிருக்கும் அந்த ஊருக்கு இனியும் பேருந்து ஓட வேண்டுமானால், ஊரார் தங்கள் வட்டார மொழியைப் பேசுகிறார்கள் என்பது நிரூபணமாக வேண்டும் என்று மேன்மை தங்கிய மாகாண அரசு ஆணையிட்டது. மொழி உயிரோடிருக்கும் ஊர்களுக்குச் சலுகை உண்டு. மற்ற ஊர்கள் நடந்து போகலாம்.

தெக்லா அந்தப் பேருந்தில்தான் டயாலிசிஸுக்குப் போய்வந்தாள். அதனால் மொழியைச் சோதிக்க ஆய்வாளர் கெரார்டி வந்த அன்று முதல் ஆளாக நின்றாள்.

"வீட்டுல என்ன மொழி பேசுவீங்கம்மா?" இத்தாலிய மொழியில் கேட்டார்.

"வட்டார மொழிதாங்க ஐயா." அவளும் சுத்தமான இத்தாலிய மொழியில் சொன்னாள்.

"எங்கே, கொஞ்சம் பேசுங்க."

அவளுக்குக் கூசியது. அது புருஷனிடமும் பசுவிடமும் பேசுகிற மொழி. டை கட்டிய அதிகாரியிடம் எப்படிப் பேசுவது? பின்னால் நின்றவர்களும் மரியாதை தெரிந்தவர்கள்.

"எதையாவது பேசித் தொலைங்களேன்!" என்று மேயர் பொர்த்தோலோ கெஞ்சினார், இத்தாலிய மொழியில்.

"பேசுவோர்: எவருமிலர்" என்று எழுதிவிட்டு ஆய்வாளர் காருக்குப் போனார். தெக்லாவின் கணவன் ஃபெர்மோ அறுத்துக் காயப்போட்டிருந்த புல்லின் மேல் அது நின்றிருந்தது. ஃபெர்மோவும் அங்கேதான் நின்றிருந்தான். ஆய்வாளரின் தாயார், கார், அரசாங்கம் ஆகிய மூன்றையும் அவன் வட்டார மொழியில் வரிசையாக விசாரித்தான். மொழி நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

"அரசு அதிகாரியை இழிவா பேசுறது குற்றம்," என்றார் ஆய்வாளர். "இவர் சொன்னது யாருக்காவது புரிஞ்சுதா?"

ஊர் தெக்லாவைப் பார்த்தது. புரிந்தது என்றால் புருஷன் கோர்ட்டுக்குப் போவான். புரியவில்லை என்றால் பேருந்து போய்விடும்.

"புரியலீங்க ஐயா."

"புரியலீங்க," என்றது ஊர்.

ஆய்வாளர் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர். ஃபெர்மோ பக்கம் திரும்பி அதே வட்டார மொழியில் சொன்னார்: "புல்லு மேல வண்டிய நிறுத்தினது தப்புதாம்பா. அத நீ இன்னும் சாப்பிடலைன்னு எனக்குத் தெரியாது."

தெக்லாதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. பிறகு ஊரே சிரித்தது. மேயர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் அறிக்கையைத் திருத்தினார். "பேசுவோர்: ஊரார் அனைவரும். குற்றத்துக்குச் சாட்சிகள்: மேற்படியார்."

பேருந்து தப்பியது. விசாரணை நாளன்று அதில் நிற்கக்கூட இடமில்லை.

"உங்க கணவர் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

தெக்லா அவருடைய கறுப்பு அங்கியைப் பார்த்தாள். "காரைக் கொஞ்சம் நகர்த்த முடியுமான்னு கேட்டாருங்க ஐயா."

மற்ற சாட்சிகளும் அதையே சொன்னார்கள். கடைசியாக ஆய்வாளர் கெரார்டி எழுந்தார். வாயைத் திறந்தார். நீதிபதியைப் பார்த்தார். டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஆமாங்க ஐயா. நகர்த்த முடியுமான்னுதான் கேட்டார்."