ராசி கெட்டவரின் இருக்கை

இந்த வருஷம் அரங்கத்துக்குள் உட்காருவதில்லை என்று ஆர்லன் க்ரூகர் ஜனவரியிலேயே தீர்மானித்துவிட்டார். தீர்மானத்தை யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமானதிலிருந்து அவர் எடுத்த தீர்மானங்களில், வெளியே சொல்லாதவைதான் கொஞ்ச நாளாவது உயிரோடு இருந்திருக்கின்றன.

மார்ச் பிறந்தால் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்துச் சாம்பியன் போட்டி வந்துவிடும். சுற்றுவட்டாரக் கல்லூரிகள் எல்லாம் ஆற்றங்கரை நகரத்தில் கூடும். தோற்ற அணி அன்றே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பிராணியின் பெயர். நரிகள், காட்டெருமைகள், கழுகுகள். ஆர்லனின் ஊர்க் கல்லூரிக்கு நாரைகள். அவர் மனைவி லவோன் தலை முதல் கால் வரை நாரைக் கட்சி. மஞ்சள் கோட்டு, மஞ்சள் குல்லா, காதில் ஆடும் குட்டி நாரைகள். ஆர்லனின் பிறந்தநாளுக்கும் அவள் மஞ்சளில்தான் சட்டை வாங்கினாள். அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால் சாலை மராமத்துக்காரர் என்று நினைத்து ஜனங்கள் வழி கேட்டார்கள்.

நாலு நாள் அந்த நகரத்தில் தங்குவதில் அவருக்கு ஆட்சேபம் கிடையாது. அரங்கத்தின் வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டினால் கிளையாறு. அதன் மேல் கெட்டியான பனிக்கட்டி. கட்டிக்கு அடியில் பெர்ச் மீன். மார்ச் முதல் வாரம் போனால் பனி இளகிவிடும், அப்புறம் துளை போட்டுத் தூண்டில் இறக்க அடுத்த குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டும். வருஷந்தோறும் அந்தக் கடைசி நாட்களைத்தான் அவர் பாப்கார்ன் பையோடு உள்ளே கழித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தைப் பார்த்தார் என்றும் சொல்ல முடியாது. ஆயுசு முழுவதும் வீடுகளுக்கு வெப்பக் காற்றுக் குழாய் பொருத்தியவர். அரங்கத்தில் உட்கார்ந்தால் கண் தானாக மேற்கூரைக்குப் போகும். அந்தக் குழாய் வளைவு தப்பு, வடக்கு மூலைக்குக் காற்றே போய்ச் சேராது என்று லவோனின் காதில் சொல்லிக்கொண்டிருப்பார். கூட்டம் எழுந்து நின்று கத்தும். என்ன ஆச்சு என்று கேட்பார். லவோன் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

வராமல் இருக்க முடியாது. வண்டி ஓட்ட அவர் வேண்டும். வந்துவிட்டு உட்காராமல் இருப்பதற்குத்தான் வழி கண்டுபிடித்தார்.

ஊரில் நடந்த ஆட்டங்களிலேயே வேலையைத் தொடங்கினார். நாரைகள் பின்தங்கும்போது பெருமூச்சு விட்டபடி எழுந்து வெளியே போவார். பின்தங்கினவர்கள் எப்போதாவது முன்னேறத்தானே செய்வார்கள்? முன்னேறியதும் திரும்பி வந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "நான் போனப்புறம்தானா?" என்று கேட்பார். பிப்ரவரி கடைசியில் பக்கத்து வரிசைக்காரர்களே அவர் எழுந்துபோக வழிவிட ஆரம்பித்தார்கள். தான் ராசி கெட்டவன் என்று ஊரை நம்பவைக்க ஒரு மனிதர் இவ்வளவு பாடுபட்டது அந்தப் பக்கத்தில் அதுதான் முதல் தடவை.

லவோன் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதெல்லாம் சும்மா, பேசாமல் உட்கார் என்பாள். அவள் மறுக்க மறுக்க ஆர்லனுக்கு உற்சாகம் ஏறியது. சுலபமாக ஏமாறும் ஆளை ஏமாற்றுவதில் என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை கிளம்பினார்கள். பனித்துளைக் கருவியையும் தூண்டிலையும் வேனின் பின்பக்கம் மஞ்சள் பதாகைகளுக்கு அடியில் புதைத்துவைத்தார். பின்சீட்டில் பக்கத்து வீட்டு மேவிஸ். லவோனுக்கு அவள் சிநேகிதி, ஆட்டத்தின் நுணுக்கமெல்லாம் தெரிந்தவள். ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கத் தாமதித்துவிட்டாள். ஆர்லனுக்கும் லவோனுக்கும் நாலாவது வரிசை. மேவிசுக்கு உச்சி வரிசை, அதுவும் ஒரு தூணுக்குப் பின்னால். பாதி மைதானம்தான் தெரியுமாம், மீதியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டுமாம். வழி நெடுக அதைச் சொல்லிப் புலம்பினாள். ஆர்லன் அனுதாபத்தோடு தலையாட்டினார். பழைய கட்டிடங்களில் அப்படித்தான், காற்றுக்கும் வழியிருக்காது என்றார்.

வெள்ளிக்கிழமை காலிறுதி, நரிகளோடு. ஆரம்பத்திலேயே நாரைகள் தடுமாறின. ஆர்லன் மனசுக்குள் நரிகளுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

"நான் போறேன் லவோன். நான் இருந்தா உருப்படாது."

"உக்காரு ஆர்லன். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். மரிட்டுக்காகப் போறேன்."

மரிட் நாரைகளின் பதினோராம் எண் ஆட்டக்காரி. வடக்கே பால்பண்ணைக் குடும்பத்துப் பெண். நாலு குளிர்காலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் க்ரூகர் வீட்டில்தான் சாப்பாடு. ஆர்லன் ஊறப்போட்ட மீனை முகம் சுளிக்காமல் சாப்பிட்டவள். குழாய் வளைவுகளைப் பற்றி அவர் பேசியதை நடுவில் எழுந்துபோகாமல் கேட்ட ஒரே ஜீவன். அவளுக்கு இது படிப்பின் கடைசி வருஷம். என்றைக்குத் தோற்கிறார்களோ அன்றோடு அவள் ஆட்டம் முடிந்தது.

 லவோன் சூப் குடுவையையும் பன்றித் தொடைக் கறி வைத்த பன்னையும் எடுத்துக் கையில் கொடுத்தாள். வேனில்தானே உட்கார்ந்திருக்கப் போகிறாய், குளிரும், கையுறையைப் போட்டுக்கொள் என்றாள். அவள் குரல் தழுதழுத்ததாக ஆர்லனுக்குத் தோன்றியது. படி ஏறும்போது திரும்பிப் பார்த்தார். மேவிஸ் ஏற்கெனவே அவர் இடத்தில் உட்கார்ந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். டெலிவிஷனில் காலி நாற்காலி தெரிந்தால் அசிங்கம் என்று பிற்பாடு விளக்கம் சொன்னாள்.

வேனைத் திறந்ததும்தான் பூட்சுக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டை நினைவுக்கு வந்தது. அது இல்லாமல் பனிக்கட்டியில் நடந்தால் இடுப்பு மிஞ்சாது. வீட்டிலேயே விட்டுவிட்டோம் என்று நினைத்தார். பதாகைகளைப் புரட்டினால், துளைக் கருவிக்குப் பக்கத்திலேயே துணியில் சுற்றி இருந்தது. இந்த வயதிலும் தன் மூளை தன்னையறியாமல் வேலை செய்வதை நினைத்து ஆர்லன் பெருமைப்பட்டார்.

துளை போட்டார். தூண்டிலை இறக்கினார். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து ராஜா மாதிரி சூப் குடித்தார். எப்போது வேனுக்குத் திரும்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும் சட்டைப்பை ரேடியோவைப் போட்டார்.

தப்பு அங்கேதான் நடந்தது. ரேடியோவில் மேற்கூரை கிடையாது. ஆட்டம் மட்டும்தான் இருந்தது. மரிட் பந்தைப் பறித்தாள், மரிட் கொடுத்தாள், மரிட் விழுந்து எழுந்தாள் என்று வர்ணனையாளர் சொல்லச் சொல்ல ஆர்லன் வாளியை விட்டு எழுந்து நின்றார். பிறகு நடந்தார். பிறகு தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அந்நியரிடம் போய், இத்தனைக்கும் அவளுக்கு முழங்கால் சரியில்லை என்று சொன்னார். நாரைகள் ஜெயித்தன. திரும்பி வந்து பார்த்தபோது தூண்டிலைக் காணோம். ஏதோ ஒரு மீன் கோலோடு துளைக்குள் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அவருக்கு வருத்தமே வரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

சனிக்கிழமை அரையிறுதிக்கு ரேடியோவும் வாளியும் மட்டும் போதுமாக இருந்தன. காட்டெருமைகளோடு சமமாக முடிந்து, கூடுதல் நேரத்தில் மரிட் ஜெயித்துக் கொடுத்தாள். யாருமில்லாத பனிக்கட்டியின் மேல் ஆர்லன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் ஓட்டல் முகப்புக்குள் அவர் நுழைந்ததும் மஞ்சள் கோட்டுக்காரர்கள் எழுந்து கை தட்டினார்கள். ஒரு கிழவர் குல்லாவைக் கழற்றினார். குளிரில் தனியாக உட்கார்ந்து ஊருக்காகத் தியாகம் செய்த மனிதர் என்று யாரோ தன் பேத்திக்கு அவரைக் காட்டினார்கள். வறுத்த பாலாடைக்கட்டித் தட்டு ஒன்று வந்தது, யார் அனுப்பியது என்று தெரியவில்லை. ஆர்லன் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் லவோனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நாளைக்கு நானும் உள்ள வரேன்."

"எதுக்குள்ள?"

"ஆட்டத்துக்கு, லவோன். ஃபைனல்."

"வெளையாடாதே ஆர்லன்."

"மரிட்டோட கடைசி ஆட்டமா இருக்கலாம். நான் அவளக் கண்ணால பாக்கணும்."

"நீ பாத்தா கடைசி ஆட்டமேதான். பாக்கலேன்னா அடுத்த வாரம் தேசியப் போட்டி. அந்தப் பொண்ணு நாலு வருஷமா உன் மீனத் தின்னிருக்கா. அதுக்கு நீ பண்ணற பரிகாரம்னு வெச்சுக்கோ."

"அந்த ராசியெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"பேச்சுக்குச் சொன்னது ரெண்டு தடவ பலிச்சிருக்கே. மொதல்ல நான்கூட நம்பல. நீதான் பாடுபட்டு நம்பவெச்சே."

மேவிஸ் பாலாடைக்கட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "என் தம்பிக்கும் இப்படித்தான் ஆர்லன். மீசைய எடுத்தா அவன் டீம் தோத்துடும். பொண்டாட்டி, நானா மீசையான்னு கேட்டா. இப்ப மீசை மட்டும் இருக்கு. நல்லாத்தான் இருக்கான்."

உண்மையைச் சொல்லலாம். ராசி என்பது மீனுக்காகச் சொன்ன பொய் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். ஆர்லன் வாயைத் திறந்தார். எதிரே அந்தக் கிழவர் இன்னும் குல்லாவைக் கையிலேயே வைத்திருந்தார். ஆர்லன் வாயை மூடிக்கொண்டார். அதைவிட மோசமான சங்கதி ஒன்று இருந்தது. அது பொய்தானா என்று அவருக்கே இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. பனிக்கட்டியின் மேல் தண்ணீர் தேங்கிவிட்டது. அவர் ஆரஞ்சு மீன்பிடிக் குல்லாவோடு கரையில் நின்றார். ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கால்கள் தாமாக அரங்கத்தை நோக்கி நடந்தன. உள்ளே போகப்போவதில்லை, வாசல் வரைக்கும்தான் என்று கால்களுக்குச் சொல்லிக்கொண்டார்.

வாசலில் காட்டெருமைச் சட்டை போட்ட ஒரு அம்மாள் நின்றிருந்தாள். தோற்றுப் போனவர்கள் மீதமிருக்கும் சீட்டை ஜெயித்த கட்சிக்காரர்களிடம் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்புவது அந்தப் போட்டியில் வழக்கம். அவள் ஆர்லனைக் குல்லாவிலிருந்து பூட்ஸ் வரை பார்த்தாள். "எங்க கதை நேத்தோட முடிஞ்சுதுங்க. இந்தாங்க, நீங்க போய்ப் பாருங்க" என்று ஒரு சீட்டைக் கையில் திணித்தாள். நன்றி சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் போய்விட்டாள்.

உச்சி வரிசை. எதிரே ஒரு பெரிய தூண். இந்த அரங்கத்தில் தூணுக்குப் பின்னால் எத்தனை சீட்டுதான் விற்றிருக்கிறார்கள் என்று ஆர்லன் வியந்தார். முதல் பாதியில் அவர் கண்ணுக்குத் தெரிந்த கூடையில் கழுகுகள்தான் போட்டுக்கொண்டே இருந்தன. நாரைகள் பந்து போடும் கூடை தூணுக்கு அந்தப் பக்கம். எதிரி ஜெயிப்பதை மட்டும் முழுசாகப் பார்த்தார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. மரிட் கண்ணெதிரே வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் மேஜையில் உருளைக்கிழங்கை இரண்டாம் தடவை கேட்கக் கூச்சப்படும் அந்தப் பெண்ணா இது என்றிருந்தது. ஒரு தடவைகூட அவர் மேற்கூரையைப் பார்க்கவில்லை.

கடைசியில் நாரைகள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தன. மரிட்டைத் தள்ளிவிட்டார்கள். அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் நின்று எறியும் வாய்ப்பு. அரங்கம் அடங்கியது. மரிட் பந்தைத் தரையில் தட்டினாள்.  வேண்டாம், நாம் பார்க்க வேண்டாம். ஆர்லன் சட்டென்று நகர்ந்து தூணில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினார். ஒரு இரைச்சல் கேட்டது. மறுபடி அமைதி. பிறகு கட்டிடமே பெயர்ந்து விழுகிற மாதிரி இரைச்சல். பக்கத்தில் இருந்தவர் அவரைக் கட்டிக்கொண்டார். ஆர்லன் தூணைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வேனுக்கு ஓடும் வழியில்தான் அவருக்கு மூளை தெளிந்தது. நாரைகள் ஜெயித்துவிட்டன. அவர் உள்ளே இருந்தார். அப்படியானால் ராசி பொய். மீனைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் இதை மட்டும் சொன்னால் போதும். அடுத்த மார்ச்சில் நாலாவது வரிசை மறுபடி அவருடையது. இவ்வளவு சுத்தமான வாதம் அவர் வாழ்க்கையில் அமைந்ததே இல்லை.

லவோனும் மேவிசும் தொண்டை கட்டிப்போய் வந்து சேர்ந்தார்கள். ஆர்லன் வேனின் மேல் சாய்ந்து நின்று சாவதானமாகச் சொன்னார்.

"நான் உள்ளதான் இருந்தேன்."

"தெரியும்" என்றாள் லவோன்.

"என்ன தெரியும்?"

"அந்தக் காட்டெருமை அம்மாகிட்ட சீட்டக் குடுத்ததே நான்தானே. ஆரஞ்சுக் குல்லா போட்டுகிட்டு, தொலஞ்ச நாய் மாதிரி ஒரு ஆள் வருவான், கால்ல ஆணிப்பட்டை இருக்கும், அவன்கிட்ட குடுன்னேன்."

ஆர்லன் குனிந்து தன் காலைப் பார்த்தார். கழற்ற மறந்திருந்தார்.

"அத வீட்டுலயே விட்டுட்டுக் கிளம்பினே. நான்தான் எடுத்துத் துளைக் கருவி பக்கத்துல வெச்சேன். நீ வழுக்கி விழுந்து வெச்சா யார் வண்டி ஓட்டறது?"

ஆர்லன் கையில் மிஞ்சியிருந்த ஒரே சரக்கை எடுத்தார். "எப்படியோ, நான் இருந்தும் ஜெயிச்சாச்சு. ராசி கெட்டவன்ங்கற பேச்சு இன்னியோட முடிஞ்சுது."

"அதத்தான் நாங்களும் பேசிகிட்டு வந்தோம்" என்று மேவிஸ் பின்சீட்டில் ஏறியபடி சொன்னாள். "ராசி கெட்டவனா? மேல உச்சியில தூணக் கட்டிகிட்டு நின்னியே, அப்பத்தான் ரெண்டு பந்தும் விழுந்துது. ஜனங்க திரும்பிப் பாத்துப் பேசிக்கறாங்க."

லவோன் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "மேவிஸ் அவ சீட்ட வருஷா வருஷம் உனக்கே விட்டுக் குடுத்துட்டா ஆர்லன். ராசியான தூண், மாத்தக் கூடாது. வண்டிய எடு."