கோடி வேட்டியில் நாலு கை

துக்க வீட்டுக்கு அசடு வழியப் போனவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். எண்ணெய் வழியப் போனவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதுவும் கியர் ஆயில். அதன் நாற்றம் அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கூமுட்டையைச் சூடான இரும்பின் மேல் உடைத்து ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

பத்து வருஷத்துக்கு முன்பு திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். கரமனையில் வாடகை வீடு. கோப்புகளுக்குத் துளை போடுவதைத் தவிர வேறு கைத்தொழில் தெரியாத நான், ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கினேன். கேட்டவர்களிடம் மனைவியின் ஊரைக் காரணம் சொன்னேன். சாந்தி போனக்காடு எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்து வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். சின்ன வயதிலேயே அப்பாவும் அம்மாவும் போய்விட, தாய்மாமா முத்தையாதான் அவளை வளர்த்தார். தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். மேலே போகும் பாதையில் கல் இருக்கும், குழி இருக்கும், சாலைதான் இருக்காது. அதனால் ஜீப். (உண்மைக் காரணம், அலுவலக வாசலில் அதிலிருந்து குதித்து இறங்க வேண்டும் என்ற ஆசை. குதித்தேன். இரண்டாம் நாளே கணுக்கால் பிசகியது.)

மூன்றாம் மாதம் இடது முன் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. முன் ஆக்ஸிலில் ஒரு சீல் உண்டு. வளையல் மாதிரி இருக்கும் ரப்பர், ஒரு பக்கம் மட்டும் வாய்க்குள் மெல்லிய ஸ்பிரிங். உள்ளே இருக்கும் எண்ணெய் சக்கரத்துப் பக்கம் வராமல் தடுப்பது அதன் வேலை. என் வண்டியின் சீல் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டது.

அதே சமயத்தில் மாமா படுக்கையில் விழுந்தார். நெஞ்சில் சளி, மூச்சு முட்டல். சாந்தியைப் பார்க்கணும் என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் கசிவைச் சரி செய்கிறேன், அப்புறம் ஜம்மென்று போகலாம் என்று நான் சொன்னேன். ஒரு ஞாயிறு போயிற்று. இன்னொரு ஞாயிறும் போயிற்று.

"பஸ்லயே போயிட்டு வந்துடலாமே" என்றாள் சாந்தி.

"வீட்ல ஜீப்ப வச்சுட்டு பஸ்லயா?" என்றேன். இப்போது எழுதும்போதுகூட அந்த வாக்கியத்தின் மேல் கோடு போட்டு அடித்துவிட வேண்டும் போலிருக்கிறது.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். ஆனால் நான் அதற்குள் போனில் பதினோரு வீடியோ பார்த்திருந்தேன். அதில் வரும் வெள்ளைக்காரர் ஒருவர் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு படாமல் கால் மணி நேரத்தில் சீலை மாற்றிவிட்டுக் காபி குடித்தார். எனக்கு அந்தக் காபியின் மேல் கண்.

இரண்டாம் சனிக்கிழமை, விடுமுறை. காலை ஏழு மணிக்கு முற்றத்தில் ஜீப்பைத் தூக்கிச் செங்கல் முட்டுக் கொடுத்து, சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றி, உள்ளே இருந்த நீளக் கம்பியையும் உருவி வெளியே வைத்தேன். போல்ட்டுகளை இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக வரிசைப்படுத்தினேன். பழைய சீலை நெம்பி எடுத்த நேரத்தில் போன் வந்தது. மாமா விடியற்காலையில் இறந்துவிட்டார். மழை வரும்போல் இருப்பதால் மூன்று மணிக்கு எடுத்துவிடுவார்களாம்.

சாந்தி அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, செங்கல் மேல் நின்ற ஜீப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டாக்ஸி விளிக்கட்டா?" என்றாள். (நாங்கள் எல்லோரும் இங்கே பாதி மலையாளத்தில்தான் கூப்பிடுவோம்.)

கடைசித் தூரத்துக்கு எந்த டாக்ஸியும் ஏறாது, ஒரு மணிக்கூரில் முடித்துவிடுகிறேன் என்றேன். அவள் குளித்துவிட்டு, மாமாவுக்குப் போர்த்த கோடி வேட்டி வாங்கக் கடைக்குப் போனாள்.

புதுச் சீலைக் கையில் எடுத்தபோதுதான் சந்தேகம் வந்தது. ஸ்பிரிங் இருக்கும் பக்கம் உள்ளேயா, வெளியேயா? வீடியோவைப் பார்க்கலாமென்றால், எண்ணெய் விரலைப் போன் என் விரலென்றே ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பிரிங் பக்கம் பளபளவென்று அழகாக இருந்தது. அழகான பக்கம் உள்ளே போய் யாருக்கு என்ன பிரயோஜனம்? வெளியே பார்க்க வைத்து, மரக்கட்டையால் தட்டி இறக்கினேன். ஒரு மணிக்கூர் வேலை இரண்டரை மணிக்கூர் ஆனது. பத்தாவது படிக்கும் மகளுக்குத் திங்கட்கிழமை பரீட்சை, அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

நெடுமங்காடு வரை ஜீப் வெண்ணெய் மாதிரி ஓடியது. விசில் அடிக்க உதட்டைக் குவித்து, எங்கே போகிறோம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன். விதுரை தாண்டியதும் அந்த நாற்றம். சாந்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். வனத்துறைச் செக்போஸ்ட்டில் நிறுத்த பிரேக்கை மிதித்தேன். ஜீப் நிற்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் ஓடைக்குள் மூக்கை வைத்து நின்றது. காவலர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"எண்ண முழுவன் வெளியிலா, சாரே" என்றார். எண்ணெய் மொத்தமும் வெளியே வந்து பிரேக்கில் இறங்கியிருந்தது. எங்கே போகிறோம் என்று விசாரித்தவர், சாவு வீடு என்றதும் குரலைத் தாழ்த்தி, கொஞ்சத்தில் மேலே போகும் பஸ் வரும் என்றார்.

சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டேன். மணிக்கட்டு வரை எண்ணெய். டூல்ஸ் பையில் கிடந்த பழைய சீலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது புரிந்தது. ஸ்பிரிங் பக்கம் எண்ணெயைப் பார்த்திருக்க வேண்டும். நான் மாற்றி வைத்த சீல், வெளிக்காற்று உள்ளே போய்விடாமல் வெகு பொறுப்பாகக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

பஸ் வந்தது. ஏறினோம். கூட்டத்தில் எனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. என்னை ஒட்டி நிற்க யாரும் விரும்பவில்லை.

போனக்காட்டில் இறங்கும்போது தூறல். கோடி இருந்த காகிதப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு சாந்தி மேட்டில் ஓட்டமும் நடையுமாக ஏறினாள். நனைந்த பை பாதி வழியில் கிழிந்தது. சேற்றில் விழ இருந்த வேட்டியை எட்டிப் பிடித்துவிட்டேன். கையை அதற்கு முன் பேன்ட்டில் மூன்று முறை துடைத்திருந்தேன், போதவில்லை. வெள்ளை வேட்டியில் ஐந்து விரலும் உள்ளங்கையும் ரேகையோடு பதிந்திருந்தன. கறை உள்ளே போகும்படி இரண்டாக மடித்தேன். அப்புறமும் தெரிவது போலிருக்க, இன்னொரு முறை மடித்து நன்றாக அழுத்தினேன்.

லயத்து வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே மாமாவைக் கிடத்தியிருந்தார்கள். தூக்குவதற்கு ஆட்கள் தயாராக நின்றார்கள். சாந்தி அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அழுதாள்.

"ரெண்டு ஞாயித்துக்கெழம மாமா" என்றாள். "ரெண்டு ஞாயித்துக்கெழம."

அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணெயும் மழையுமாக நான் தார்ப்பாய் ஓரத்தில் நின்றேன். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பெரியவர் ஒருவர் கோடியைக் கேட்டார். கொடுத்தேன். அவர் இரண்டு நுனியையும் பிடித்து எல்லோர் முன்னாலும் உதறி விரித்தார். எண்ணெய்க் கறையை மடித்து அழுத்தினால் என்ன ஆகும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு கை நாலு கையாகியிருந்தது. இரண்டு இடக்கை, இரண்டு வலக்கை, நேர் நேராக. மேளக்காரர் அடியை நிறுத்திவிட்டார். நாற்றம் மெதுவாகக் கூட்டத்துக்குள் பரவியது. வேட்டியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று பெரியவர் என் முகத்தைப் பார்த்தார்.

மாமாவின் மனைவி, சாந்திக்கு அத்தை, தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தார். வேட்டியைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார்.

"அதையே போத்துங்க" என்றார். "இந்த வாடையோட இல்லாம அவரு ஒரு நாளும் வீட்டுக்கு வந்ததில்ல."

பின்னால் யாருக்கோ சிரிப்பு வந்து, இருமல் போல் அடக்கினார். அது அடுத்தவருக்குத் தொற்றியது. அத்தை சிரித்துக்கொண்டே மாரில் அடித்து அழுதார். சாந்தியும் அழுகைக்கு நடுவில் ஒரு நிமிஷம் சிரித்தாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தமில்லை. அப்புறம் நாலு கைகளோடு மாமாவைத் தூக்கினார்கள்.

இரண்டு நாள் கழித்து விதுரை மெக்கானிக் வந்து ஜீப்பைப் பார்த்தார். ஆக்ஸிலுக்கு மூச்சு விடும் சின்னத் துளை ஒன்று உண்டாம். அதில் சேறு அடைத்து, சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி எண்ணெயை வெளியே தள்ளியிருக்கிறது. பழைய சீலில் ஒரு குற்றமும் இல்லை, துளையைக் குண்டூசியால் குத்திவிட்டிருந்தால் போதும் என்றார். அலுவலகத்தில் என் மேஜை மேல் ஒரு டப்பா நிறையக் குண்டூசி இருந்தது. அந்த மாதமே ஜீப்பை விற்றேன்.

அதற்குப் பிறகு சாந்தி வீட்டு விசேஷம் எதிலும், நல்லதோ கெட்டதோ, என் கையில் துணி கொடுப்பதற்கு முன் யாராவது "கையக் காட்டுங்க" என்பார்கள். நானும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுவேன். போன வருஷம் எங்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம். சாந்தியிடமிருந்து புடவைத் தட்டை வாங்கப் போனபோது அத்தை வழக்கம்போல் கேட்டார், நான் காட்டினேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைப் பையன், இந்தக் குடும்பத்தில் இது ஒரு சடங்கு போலிருக்கிறது என்று நினைத்து, பயபக்தியாகத் தன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

சாந்தி அவற்றையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தட்டைக் கொடுத்தாள்.