பட்டாணிக்கு ஒரு சோதனை ஓட்டம்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அத்தையும் நலம் என்று எழுதத் தொடங்கினேன். வலது முழங்காலை உத்தேசித்து ‘ஏறக்குறைய நலம்’ என்று திருத்திக்கொள்கிறேன். நீயும், கப்பலில் இருக்கும் மாப்பிள்ளையும், பேத்தி பட்டாணியும் திருத்தம் தேவைப்படாத நலத்தோடு இருக்க வேண்டும். போனில் உன் குரலைக் கேட்டால் எதற்கும் ‘சரிம்மா’ என்று சொல்லிவிடுகிறவன் நான் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். எழுதி முடித்ததும் உன் அத்தை படம் பிடித்து அனுப்பிவிடுவாள். விஷயம் சிதறாமல் இருக்க முதலில் சுருக்கம்:

1. நீ கேட்டதை நான் புரிந்துகொண்ட விதம்.
2. ஓராண்டுக்கான கால அட்டவணை.
3. அதன் சோதனை ஓட்டம்.
4. கீழ்வீட்டு லாரிக்காரர் குழந்தையாக இருக்கச் சற்றும் லாயக்கில்லாதவர் என்பது.
5. நான் ஆசிரியராக இருக்க லாயக்கில்லாதவன் என்பது.
6. ஆகவே, பட்டாணியை இங்கே அனுப்ப வேண்டாம் என்பது.

ஆறாவதைப் படித்ததும் உன் முகம் வாடியிருக்கும். தயவுசெய்து வரிசையாகப் படி.

ஒன்று. ஐந்து வயதுக் குழந்தை ஒரு மாதம் மழலைப் பள்ளிக்குப் போனாள். காலையில் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறாள், பத்து மணிக்கு மேல் வாயைத் திறப்பதில்லை, ஏன் என்றே தெரியவில்லை என்கிறார் டீச்சர். உனக்கோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, மாறி மாறி ஷிப்ட். ஆகவே இந்த ஒரு வருடம் அவளை இங்கே வைத்துக்கொண்டு, அந்த வகுப்புக்கு உண்டானதை வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க முடியுமா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், முடியாதென்றால் திங்கட்கிழமை மறுபடியும் அதே பள்ளிக்கூடம். சரியாகத்தானே புரிந்துகொண்டேன்? ‘உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு அப்பா’ என்று வேறு எழுதியிருந்தாய். முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் கால அட்டவணை போட்டவன்தான், மறுக்கவில்லை. ஆனால் என் அட்டவணையைப் பார்த்து எந்த பஸ்ஸும் அழுததில்லை.

இரண்டு. முப்பத்தாறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. சார்ட் பேப்பர் நான்கை ஒட்டி, ஐந்து நிறத்தில் கட்டம் போட்டேன். ஒன்பதுக்குப் பாட்டு, ஒன்பதே காலுக்குக் கைவேலை, ஒன்பது நாற்பதுக்கு எண்கள், அப்புறம் எழுத்து, அப்புறம் கதை. பதினான்காம் வாரம் இலை பொறுக்குவது. மழை பெய்தால் காய்ந்த இலை, அதற்காக இப்போதே ஒரு கவரில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்குப் போவதற்கு 10.30 என்று ஒதுக்கியிருந்தேன். உன் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மட்டும் படித்துவிட்டு, “ஏண்ணா, பத்தே காலுக்கே வந்துட்டா அவ என்ன பண்ணுவா? கையைக் காட்டி நிறுத்துவாளா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தக் கட்டத்தை இதுவரை நாலு தடவை அழித்துவிட்டேன், பேப்பர் ஓட்டையாகிவிட்டது, ஓட்டைக்குப் பின்னால் காகிதம் ஒட்டியிருக்கிறேன்.

மூன்று. புது அட்டவணை எதையும் காலி பஸ்ஸை ஓட்டிப் பார்க்காமல் டிப்போவில் அமலுக்குக் கொண்டுவர மாட்டோம். அதே முறைப்படி திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு, உன்னுடைய பழைய குட்டி நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கி, சோதனையைத் தொடங்கினேன். ஆசிரியரும் நானே, குழந்தையும் நானே. ஆசிரியராக நின்றபடி ஒரு கேள்வி கேட்பேன், ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வேன், மறுபடி எழுந்து ‘சபாஷ்’ சொல்வேன். பாட்டு வரைக்கும் நன்றாகத்தான் போனது, ஒன்பது பன்னிரண்டுக்கு சபாஷ் சொல்ல எழுந்தேன், நாற்காலியும் கூடவே எழுந்துவிட்டது, இரண்டு கைப்பிடிக்கும் நடுவே இடுப்பு சிக்கிக்கொண்டது, அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடிக்க, அடுத்த தெருவுக்குப் போகவேண்டிய பார்சலை வைத்துக்கொண்டு நின்ற பையன் என்னையும் என் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த நாலு காலையும் பார்த்துவிட்டு, “அட்ரஸ் தப்பு போலிருக்கு” என்று போய்விட்டான். அத்தை சிரித்துச் சிரித்துப் புரையேறி, கீழ்வீட்டு லாரிக்காரரைக் கூப்பிட்டாள்.

அவரை உனக்குத் தெரியாது, நீ கல்யாணமாகிப் போன பிறகு வந்தவர். அறுபத்து நாலு வயது, ஓய்வு பெற்றவர், பெரிய மீசை. தெருவில் அவர் பெயர் ஹாரன். அவர் மெதுவாகப் பேசினால் நம் தெரு திரும்பிப் பார்க்கும், சாதாரணமாகப் பேசினால் பக்கத்துத் தெருவும் பார்க்கும். நாற்காலியை ஒரே இழுப்பில் பிடுங்கினார். பிறகு கலர் பென்சில், பசை, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் நோட்டம் விட்டு, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, “தனியா எதுக்கு சார் கஷ்டப்படறீங்க? நான் வேணா குழந்தையா இருக்கேன்” என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்போது வந்திருக்கிறது?

நான்கு. செவ்வாய்க்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே தலை வாரிக்கொண்டு வந்துவிட்டார். பாட்டுக்கு அவர் குரல் எடுத்ததில் எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. கைவேலைக்குச் செருப்பு டப்பாவைக் கொடுத்தேன். உடனே லாரி செய்ய ஆரம்பித்தார், பாட்டில் மூடிகளைச் சக்கரமாக வைத்து, நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு. ஒன்பது நாற்பதுக்கு டம்ளரில் ஸ்பூனால் தட்டினேன். “இருங்க சார், பின் சக்கரம் இன்னும் மாட்டலை” என்றார். விதி விதிதான் என்று டப்பாவை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டு, மூன்று பொத்தானைப் பரப்பி எத்தனை என்று கேட்டேன். இருபது டன் ஏற்றி இறக்கிய மனுஷர், பொத்தானையே பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தார். பன்னிரண்டு வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. வாழைப்பழத்தைக்கூடத் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிட்டார். நேற்று புதன்கிழமையும் இதே கதை. வரும்போது சிரிப்பு, ஒன்பது நாற்பதுக்கு மேல் மௌனம். ‘பேச மறுக்கிறார், காரணம் தெரியவில்லை’ என்று இரண்டு நாளும் நோட்டில் குறித்திருக்கிறேன். இப்படிப்பட்டவரை வைத்து எப்படிச் சோதிப்பது?

ஐந்து. இதை எழுதுவதற்குள், கவலை வந்தால் செய்கிற வழக்கப்படி, மூன்று முறை எழுந்து தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்தேன். ஒரு தெருவே சேர்ந்து நிறுத்த முடியாத ஹாரனை நாற்பது நிமிடத்தில் நிறுத்தியவன் நான். பட்டாணி இங்கே வந்தும் வாயை மூடிக்கொண்டுவிட்டால், அப்புறம் அவளை எங்கே அனுப்புவாய்? பள்ளிக்கூடத்தில் பேசவில்லை என்றால் பள்ளிக்கூடத்தின் மேல் பழி. தாத்தா வீட்டிலும் பேசவில்லை என்றால் குழந்தையின் மேல்தானே பழி வரும்? அதற்கு நான் காரணமாகக் கூடாதும்மா.

ஆறு. ஆகவே அனுப்ப வேண்டாம்.

மாப்பிள்ளை அடுத்து கரையிறங்கும்போது என் விசாரிப்பைச் சொல். பட்டாணியின் உச்சியில் என் சார்பில் ஒரு முத்தம் கொடு. உன் தலைமேல் என் கை எப்போதும் இருப்பதாக நினைத்துக்கொள்.

அப்பா

பின்குறிப்பு: படம் பிடிக்க வந்த உன் அத்தை கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். நாற்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஒரு முனையை மறுமுனையோடு இணைத்தவள். “அண்ணா, நீங்க ஒன்பது நாப்பதுக்கு என்ன பண்ணீங்க?” என்றாள். டப்பாவை எடுத்து வைத்தேன் என்றேன். “அவ பள்ளிக்கூடத்துல பத்து மணிக்கு என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டுவிட்டு, எனக்குப் பதில் தெரியாததால் உன் வீட்டுக்கே போன் போட்டாள். நீ குளித்துக்கொண்டிருந்தாயாம், பட்டாணிதான் எடுத்தாள். போனை வாங்கி அதையே நான் அவளிடம் கேட்டேன்.

“பாலம் கட்டிக்கிட்டிருந்தேன் தாத்தா. மணி அடிச்சதும் கட்டையெல்லாம் பெட்டியில போட்டுட்டாங்க” என்றாள். மறுநாள்? மறுநாளும் பாலம், மறுநாளும் பெட்டி. அப்புறம் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். “பாலமே இல்லை. அப்புறம் என்ன பேசறது?” என்றாள்.

செருப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போனேன். லாரிக்காரர் அதை வாங்கிக்கொண்டு பின் சக்கரம் மாட்டினார். பின் விளக்கு, தார்ப்பாய், நம்பர் பலகை எல்லாம் முடிய ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. கடிகாரத்தை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. தரையில் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு ஜன்னல் அதிர, “நேத்து கேட்டீங்களே சார், அது மூணு” என்றார்.

முப்பத்தொரு வருடத்தில், பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டு பஸ்ஸைத் திருப்பும்படி ஒரே ஒரு அட்டவணைகூட நான் போட்டதில்லை. சார்ட்டைத் திருப்பிப் போட்டுவிட்டேன். ஒன்பதுக்குத் தொடக்கம், பன்னிரண்டுக்குச் சாப்பாடு. நடுவில் வெறும் வெள்ளை. அதைப் பார்த்தால் கை பரபரக்கிறது, பென்சிலை அத்தையிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். பட்டாணியை ஞாயிற்றுக்கிழமையே கொண்டுவந்து விடு. பாலத்துக்குக் கட்டை அறுத்துக்கொண்டிருக்கிறார் கீழே, சத்தம் இங்கே கேட்கிறது. ஆறாவதை ரத்து செய்கிறேன். ஐந்தாவது போகப் போகத்தான் தெரியும். நான்காவது மட்டும் முழுக்க என் தவறு: குழந்தையாக இருக்க அவரைவிட லாயக்கான ஆள் எனக்குக் கிடைத்திருக்க முடியாது.