போருக்கு நாலு கட்டம்

"நாடுகளுக்கிடையே அமைதியைக் காப்பது அன்பல்ல, கணக்கு" என்ற மகத்தான வாக்கியத்தை வேதாந்தம் தன் கருத்தரங்குக் கட்டுரையில் எழுதி முடித்தபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது.

மகளின் பிரசவத்துக்காக மனைவி வைதேஹி பம்பாய் போய்ப் பத்து நாளாகிறது. அடுப்பை அணைத்துவிட்டு, புகை போகட்டுமென்று வாசல் கதவைத் திறந்தார். படியில் டப்பா இருந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய மணத்தக்காளி வற்றலில் பாதியைப் போட்டு, முந்தின நாள் எதிர்வீட்டு ரத்தினவேலுக்குக் கொடுத்த எவர்சில்வர் டப்பா. கழுவித் துடைத்துத் திரும்பியிருந்தது. காலியாக.

லோதி ரோடு குவார்ட்டர்ஸில் பதினோரு வருஷமாக இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் எந்தப் பாத்திரமும் வெறுமனே திரும்பியதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ரத்தினவேலின் மனைவி சாந்தகுமாரி ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டு அனுப்புவாள். போன வருஷம் ஏஷியாட் போட்டிகள் முழுவதையும் வேதாந்தம் அவர்கள் வீட்டு டி.வி.யில்தான் பார்த்தார். தில்லியில் அவரை 'டேய்' என்று கூப்பிட ரத்தினவேலை விட்டால் ஆளில்லை.

வேறு யாராக இருந்தாலும் கதவைத் தட்டிக் கேட்டிருப்பார்கள். வேதாந்தம் யுத்த ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் முதுநிலை ஆய்வாளர். தாளில் நாலு கட்டம் போட்டார். இரண்டு நாடுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டே வழி, ஒத்துழைப்பது அல்லது துரோகம் செய்வது. 'எதிரி முதலில் துரோகம்' என்ற கட்டத்தின் மேல் டப்பாவை வைத்தார்.

மறுநாள் ஆபீஸில் ஸ்டெனோ ஜோதிலிங்கத்திடம் விஷயத்தைச் சொன்னார்.

"போய் ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன் சார்."

"பேச்சை நம்பி எந்த தேசமய்யா பிழைச்சிருக்கு? அவன் செஞ்சதையே நாமும் திருப்பிச் செய்யணும். தானா வழிக்கு வருவான்."

"வரலைன்னா?"

"அதுக்குத்தான் கட்டுரைல ரெண்டாவது பகுதி இருக்கு."

அன்று மாலை சாந்தகுமாரியின் தூக்கு ஒன்று, கழுவி, காலியாக, எதிர்வாசலில் வைக்கப்பட்டது. பதில் இல்லை. பதில் வராததைப் பெருந்தாக்குதலுக்கான ஆயத்தம் என்று வேதாந்தம் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து எதிர்வீட்டுப் பக்கமே பார்ப்பதில்லையென்று வாசல் கதவைச் சாத்தியே வைத்தார்.

எட்டாம் நாள் பஸ் ஸ்டாப்பில் ரத்தினவேலைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. மொட்டை! சொல்லாமல் கொள்ளாமல் திருப்பதி போய் வந்திருக்கிறான். ஒரு விள்ளல் லட்டு கொடுக்க மனசு வரவில்லை.

ரத்தினவேல் கிட்டே வந்து, "டேய் வேதாந்தம், உன்கிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"பஸ் வந்துடுத்து" என்று வேதாந்தம் ஓடி ஏறினார். அது அவருடைய ஆபீஸ் பக்கமே போகாத பஸ்.

அந்த 'டேய்' ஞாயிற்றுக்கிழமை வரை காதிலேயே இருந்தது. நல்லவேளையாக, ஒருமுறை விட்டுக்கொடுத்துப் பார்ப்பதும் ஓர் உத்திதான் என்று கட்டுரையின் மூன்றாம் பகுதியில் அவரே எழுதியிருந்தார். அரைக்கிலோ பாதாம் பர்ஃபி வாங்கி, 'மொட்டைக்கு வாழ்த்துகள்' என்று ஒரு சீட்டு எழுதிச் செருகி, பையோடு எதிர்வீட்டுக் கதவில் மாட்டினார்.

ஒரு மணி நேரத்தில் அது அவர் கதவில் தொங்கியது. பர்ஃபி அப்படியே இருந்தது. சீட்டை மட்டும் காணவில்லை.

"யுத்தப் பிரகடனம்தான், சந்தேகமே இல்லை" என்றார் ஜோதிலிங்கத்திடம்.

"பர்ஃபி என்ன ஆச்சு சார்?"

"டிராயர்ல இருக்கு. நீயே எடுத்துக்கோ."

அடுத்த மாதம் கருத்தரங்கில் கட்டுரைக்கு நல்ல கைதட்டல். பகை வளரும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்போல எழுதியிருப்பதாகத் தலைவரே பாராட்டினார். அதை ரத்தினவேலிடம் சொல்லாவிட்டால் அந்தக் கைதட்டலுக்கே அர்த்தமில்லை என்று வேதாந்தத்துக்குத் தோன்றியது. கட்டமாவது ஒன்றாவது என்று மாடியேறினார். எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது.

கீழே இறங்கி வந்தார். மாடிப்படிக்கு அடியில் ப்ளாக்கின் இஸ்திரிக்காரன் பச்சைமுத்து துணி தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ரத்தினவேல் எங்கேப்பா?"

"காலைலயே லாரில சாமான் ஏத்திட்டுக் கிளம்பிட்டாங்களே சார். மெட்ராஸுக்கு மாத்தல்."

"பதினோரு வருஷப் பழக்கம்! ஒரு வார்த்தை சொல்லிக்கலை பாரு. முதல்ல ஆரம்பிச்சதும் அவன்தான். டப்பாவைக் காலியா அனுப்பிச்சான்."

பச்சைமுத்து இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"அன்னிக்குத்தான சார் அவங்க அம்மா தவறிட்டாங்கன்னு தந்தி வந்துச்சு? சாவு வீட்லேருந்து எதையாச்சும் போட்டு அனுப்புவாங்களா? ஊருக்குப் போய்ச் சேர ரெண்டு நாளாவும்னு இங்கயே யமுனைல மொட்டை போட்டுக்கிட்டாரே, நீங்க பாக்கல?"

வேதாந்தம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு யாருமே சொல்லலையேப்பா..."

"ப்ளாக்ல எல்லா வீட்லேருந்தும் வந்து துக்கம் கேட்டாங்க சார். ஸ்வீட் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."