நாலு கால் மேஜையும் ரெண்டு பட்டமும்

மார்ச் 14, வெள்ளி, மாலை 4:10. பேராசிரியர்கள் இருவர், கேள்வி ஒன்று, மேஜைக்கால் நான்கு.

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். மேற்கொண்டு விசாரிக்கப் பொறுமை இல்லை, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படிப்பை விடப்போகிறேன். அப்பா அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதில் என்னைக் கோத்துவிட்டதே நீங்கள்தானே.

ஞாபகம் இருக்கும். அப்பாவுக்கு லேத் பட்டறை, அதனால் நான் இன்ஜினியர் ஆகணும். அம்மா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர், அதனால் நான் இயற்பியல் படிக்கணும். ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, "உங்கப்பாகிட்ட சொல்லு, உப்பு தீந்துபோச்சு" என்று என் வழியாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்தீர்கள். மூணு வருஷம் ஒரு கல்லூரியில் இயற்பியல், அப்புறம் ரெண்டு வருஷம் இன்னொரு கல்லூரியில் இன்ஜினியரிங், முடிவில் கையில் ரெண்டு பட்டம், ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் என்றீர்கள். நான்தான் அந்தக் கல் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இயற்பியலில் முதல் பாடமே 'வைத்துக்கொள்வது'தான். உராய்வு இல்லையென்று வைத்துக்கொள், காற்று இல்லையென்று வைத்துக்கொள், கயிற்றுக்கு எடையே இல்லையென்று வைத்துக்கொள். சனிக்கிழமை நடக்கும் இன்ஜினியரிங் முன்வகுப்பில் நேர்மாறு: எதையும் நம்பாதே, வந்த விடையைப் பாதுகாப்புக்காக ஒன்றரையால் பெருக்கு. ரெண்டும் சரிதான், ஒரே மண்டைக்குள் இருப்பதுதான் கோளாறு. லேபில் ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பை அளந்தேன், அழகாக 9.8 வந்தது, கைப்பழக்கத்தில் ஒன்றரையால் பெருக்கி 14.7 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். லேப் மேடம், "ஏம்ப்பா, இந்த ரூம் மட்டும் வேற கிரகத்துல இருக்கா?" என்றார். "பாதுகாப்புக்கு மேடம்" என்றேன். "யாரோட பாதுகாப்புக்கு?" என்றார். சரி, அது போகட்டும் என்று லீவில் பட்டறைக்குப் போனால் அப்பா தண்ணீர்த் தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்ட் ஒன்று வேண்டுமென்றார், ஒரே பக்கத்தில் கணக்கை முடித்துக் கொடுத்தேன், வெல்டிங் அண்ணன் அப்படியே அடித்தும் வைத்தார். ஒரு வாரம் நின்றது. அப்புறம் தொட்டியோடு போய்ப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டது.

அப்பா சாய்ந்த காலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, காத்தடிக்காதா?" என்றார்.

"காத்து இல்லைன்னு வச்சுக்கிட்டேன்ப்பா."

"யாரைக் கேட்டு வச்சுக்கிட்ட?"

இன்றுவரை அந்த ஸ்டாண்டைக் கயிறு போட்டுக் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கயிற்றுக்கு எடை இருக்கிறது.

இனி இன்றைய கதை. மூன்று வருஷம் முடிகிறதல்லவா, அந்த இன்ஜினியரிங் கல்லூரிக்குத் தாவ ஒரு நேர்முகத் தேர்வு. ரெண்டு பக்கமும் சரி என்றால்தான் இடம். இந்தப் பக்கம் எங்கள் துறைத்தலைவர், அவர் உலகத்தில் காற்றே கிடையாது என்பதால் வெற்றிடம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பக்கம் இன்ஜினியரிங் பேராசிரியர், சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் குட்டி ஸ்பேனர். நான் உட்கார்ந்ததும் மேஜை ஆடி அவர் டீ சாசரில் கொட்டியது. "இதையே கேள்வியா வச்சுக்கலாம். இந்த ஆட்டத்தை நிறுத்து" என்றார்.

எனக்கு விடை தெரியும். நாலு கால் மேஜையை நின்ற இடத்திலேயே சுற்றினால் எங்காவது ஓரிடத்தில் ஆட்டம் நின்றே தீரும், நிரூபணமே இருக்கிறது. எழுந்து சுற்ற ஆரம்பித்தேன். வெற்றிடம் ஆர்வமாக ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார், ஸ்பேனர் டீயைக் கையில் ஏந்திக்கொண்டு கூடவே சுற்றி வந்தார், நாற்காலிகள் ஒவ்வொன்றாகச் சுவரோரம் போயின, முழு வட்டம் முடிந்து கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தோம், மேஜை ஆடியது.

"தம்பி, நாலு காலும் ஒரே நீளமான்னு பாத்தியா?" என்றார் ஸ்பேனர்.

"ஒரே நீளம்னு வச்சுக்கிட்டேன் சார்."

அப்பா ஞாபகம் வந்தது. உடனே குனிந்து, ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஒரு கால் நாலு மில்லிமீட்டர் குட்டை. அட்டையை மடித்து அடியில் கொடுத்தேன். ஆனால் நாலு இல்லை, ஆறு. பாதுகாப்புக்கு. அதுவரை வெற்றிடம் பக்கம் ஆடிக்கொண்டிருந்த மேஜை ஸ்பேனர் பக்கம் ஆட ஆரம்பித்தது. மிச்ச டீயும் போனது.

வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. "தங்கமான பையன் சார், உங்ககிட்ட வந்தா ஜொலிப்பான்" என்று வெற்றிடம். "ஐயய்யோ, இது பிறவி இயற்பியல் மூளை சார், உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று ஸ்பேனர். இதற்கு மேல் அங்கே நிற்க எனக்கென்ன தலையெழுத்தா? வந்துவிட்டேன்.

எரிச்சல் என்னவென்றால், மாமா, ரெண்டுமே எனக்குப் பிடித்துத் தொலைத்துவிட்டது. இன்னொரு எரிச்சல், வீட்டில் இப்போது ரெண்டு பேரும் ஒருவரையொருவர் நேராகவே உப்பு கேட்டுக்கொள்கிறார்கள். நான் விட்டுவிட்டேன் என்று தெரிந்தால் மறுபடி என் வழியாகத்தான் கேட்பார்கள். எனவே பதமாகச் சொல்லுங்கள். முடிவை மாற்றச் சொல்லி எனக்கு போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். வாண்டுக்கு என் ஆசி, அவன் ஏதாவது ஒன்றைப் படித்து உருப்படட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ரெண்டுங்கெட்டான் மருமகன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வெற்றிடம் போன் செய்தார். இடம் கிடைத்துவிட்டது. ஸ்பேனரே கையெழுத்துப் போட்டாராம். எப்படி சார் என்றேன். "நான் ஒண்ணும் சொல்லலப்பா. அவரே யோசிச்சுப் பாத்துட்டு, 'இவனை வெளிய விட்டா எங்கயாவது போய் எதையாவது கட்டிடுவான், உள்ள வச்சிருக்கறதுதான் பாதுகாப்பு'ன்னார்." ஆகவே இனி நான் செய்யப்போவது:

1. தொட்டி ஸ்டாண்டுக்குக் காற்றையும் சேர்த்துத் திரும்பக் கணக்குப் போடுவது. அதுவரை கயிற்றை அவிழ்க்கச் சொல்லாமல் இருப்பது.

2. இடம் இயற்பியலால் கிடைத்தது என்று அம்மாவிடமும், பட்டறையால் கிடைத்தது என்று அப்பாவிடமும் சொல்வது. தனித்தனியாக.

3. அந்த மேஜைக்காலிலிருந்து ரெண்டு மில்லிமீட்டர் அட்டையை உருவிவிட்டு வருவது.

4. மறுபடி எழுதப் பொறுமை இல்லாததால் இதை அப்படியே அனுப்புவது. மேலே உள்ள எதையும் நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். இந்தத் தடவை உங்களைக் கேட்டுத்தான் வைத்துக்கொள்கிறேன்.